வடபுலத்துக் கவரிமா

நுழையும்முன்

மானத்தைப் பெரிதாகப் போற்றுவோரைக் 'கவரிமான் பரம்பரை' என்று கூறுவது நம் பேச்சுவழக்கு. ஆனால், கவரி என்பது மான் அன்று. மரங்களும் முளைக்காத மேட்டுநிலத்தில், உறைகுளிரில் வாழும் மாட்டினம். அதனை இன்று 'யாக்' என்றும் 'சடைமாடு' என்றும் வழங்குகிறோம். அந்த விலங்கையும் அதனை நம்பி வாழும் மக்களையும் அவர்களுடைய நிலத்துக்கே சென்று கண்டு வருவோம்.

வடக்கு மேட்டுக்கு வழி

லடாக்கின் தலைநகரான லே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சமவெளியிலிருந்து வானூர்தியில் வந்து இறங்குவோர் முதல் இரண்டு நாள்கள் எங்கும் செல்லாமல் ஓய்வெடுக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். சில படிகள் ஏறினாலே மூச்சு வாங்குகிறது, தலை கனக்கிறது, இரவில் உறக்கம் பிடிப்பதில்லை. உடல், அடர்த்தி குறைந்த காற்றுக்குப் பழகும் வரை பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பழகிய பின்னர் நம் பயணம் தொடங்குகிறது. லே நகரிலிருந்து சிந்து ஆற்றின் கரையை ஒட்டி, நீரோட்டத்துக்கு எதிராகத் தென்கிழக்கே சாலை செல்கிறது. உப்ஷியைக் கடந்து, வெந்நீர் ஊற்றுகள் கொப்பளிக்கும் சுமதாங்கைத் தாண்டி, மாகே பாலத்தில் சிந்துவைக் கடந்தால் நிலத்தின் தோற்றமே மாறிவிடுகிறது. குறுகிய பள்ளத்தாக்குகள் மறைந்து, அகன்ற மேட்டுவெளிகள் விரிகின்றன. ஏறத்தாழ 220 கிலோமீட்டர்ப் பயணத்தின் முடிவில், நீலநிறத்தில் பரந்து கிடக்கும் மொரிரி ஏரியும் அதன் கரையிலுள்ள கோர்சோக் என்னும் சிற்றூரும் நம்மை எதிர்கொள்கின்றன. ஏரியின் நீர்மட்டமே கடல்மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கு மேல் உள்ளது. இந்தியாவில் மக்கள் நிலையாக வாழும் மிக உயரமான ஊர்களுள் கோர்சோக்கும் ஒன்று.

இந்த மேட்டுநிலத்துக்குச் 'சாங்தாங்' என்று பெயர். 'சாங்' என்றால் வடக்கு. 'தாங்' என்றால் சமவெளி. திபெத்தில் பரந்து விரிந்துள்ள இப்பெருநிலத்தின் மேற்கு ஓரமே இந்திய எல்லைக்குள் லடாக்கில் அமைந்துள்ளது. இங்கு வாழும் மேய்ச்சல்குடி மக்கள் 'சாங்பா' எனப்படுகின்றனர். 'வடக்கத்தியர்' என்பதே அப்பெயரின் பொருள்.

இமயமலைத் தொடர் பருவமழை மேகங்களைத் தடுத்துவிடுவதால் சாங்தாங்கிற்கு மழை வளம் இல்லை. எனவே இது பனி உறையும் இடமாக இருந்தும் பாலைவனமாகவே விளங்குகிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 30 பாகைக்கும் கீழே இறங்குகிறது. 4,500 மீட்டர் உயரத்தில் ஒருமுறை மூச்சை உள்ளிழுத்தால், கடற்கரையில் கிடைக்கும் உயிர்வளியில் ஐந்தில் மூன்று பங்கைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். காற்றழுத்தம் குறைவாதலால், நீர் 100 பாகையில் அன்றி ஏறத்தாழ 85 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் பருப்பு எளிதில் வேகாது. இத்தகைய நிலத்தில் பயிர் செய்து வாழ்வது அரிது. புல்லைத் தின்று வாழும் விலங்குகளும் அவ்விலங்குகளைச் சார்ந்து வாழும் மனிதர்களுமே இங்கு நிலைத்திருக்க இயலும்.

தெரிந்து தெளிவோம்

மொரிரி போன்ற உயர்மலை ஏரிகளின் கரையில் கோடைக்காலத்தில் வரித்தலை வாத்துகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. குளிர்காலம் தொடங்கியதும் இமயத்தைக் கடந்து தெற்கே பறந்து வருகின்றன. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம் பறவைகள் காப்பிடத்திற்கு வலசை வரும் பறவைகளுள் இவ்வினமும் ஒன்று.

வேலியில்லாப் பண்ணை

பண்ணை என்றதும் கம்பிவேலியும் கொட்டகையும் தீவனத்தொட்டியும் நம் நினைவுக்கு வரும். சாங்பா மக்களின் பண்ணையில் இவை எவையும் இல்லை. ஓடைக்கரையில் சில கூடாரங்கள். ஆடுகளை இரவில் அடைப்பதற்குக் கற்களை அடுக்கிக் கட்டிய பட்டி. நிலத்தில் முளையடித்து நீளமாகக் கட்டிய கயிறு. அதில் வரிசையாகப் பிணைக்கப்பட்ட கன்றுகள். இவ்வளவே பண்ணையின் அடையாளம். எதிரே தெரியும் மலைச்சரிவு முழுவதும் மேய்ச்சல் நிலம். அச்சரிவின் உச்சியில் கரும்புள்ளிகளாகத் தெரிபவையே யாக்குகள்.

ஆடுகளும் செம்மறிகளும் மேய்ப்பவரின் கண்பார்வையில் மேய்கின்றன. மென்மையான உள்மயிரைத் தரும் பஷ்மினா ஆடுகளே சாங்பா மக்களின் முதன்மையான வருவாய்க்கு வழி. யாக்குகளோ ஆடுகள் ஏறாத உயரத்துக்கு ஏறித் தாமாகவே மேய்கின்றன. கறவையில் உள்ள யாக்குகள் மட்டும் மாலையானதும் கன்றைத் தேடிக் கீழிறங்கி வருகின்றன. கன்றுகளைக் கயிற்றில் பிணைத்து வைப்பதன் காரணம் இப்போது விளங்கும். தாயைக் கட்டிப்போட வேண்டுவதில்லை. கன்று இருக்கும் இடத்திலிருந்து தாய் விலகாது.

இப்பண்ணை ஓரிடத்தில் நிலைத்திருப்பதும் இல்லை. இங்குப் புல் வளரும் காலம் ஆண்டில் சில மாதங்களே. ஒரே இடத்தில் தொடர்ந்து மேய்த்தால் புல்லின் வேர் வரை அழிந்துவிடும். மறு ஆண்டு அங்கு வெறும் மணலே மிஞ்சும். எனவே சாங்பா குடும்பங்கள் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்கின்றன. எந்தக் குடும்பம் எந்தப் பள்ளத்தாக்கில், எத்தனை நாள் மேய்க்கலாம் என்பதைக் 'கோபா' எனப்படும் ஊர்த்தலைவர் முன்னின்று வகுக்கிறார். குளிர்காலத்துக்கென ஒதுக்கிய புல்வெளியில் கோடையில் எவரும் மந்தையை விடுவதில்லை. எழுதப்படாத இந்த ஒழுங்குமுறையே வேலியில்லாப் பண்ணைக்கு வேலி.

குளிரை வெல்லும் உடல்

கீழே நின்று பார்க்கும்போது புள்ளியாகத் தெரிந்த விலங்கு அருகில் வரும்போது வியப்பளிக்கிறது. தோள்பகுதியில் உயர்ந்த திமில். பக்கவாட்டில் விரிந்து மேல்நோக்கி வளைந்த கொம்புகள். வயிற்றுப் பகுதியிலிருந்து தரையைத் தொடுமாறு தொங்கும் நீண்ட மயிர். குதிரையின் வாலைப் போன்று அடர்ந்த வால். அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் குளிரோடும் காற்றோடும் பொருதுவதற்கு ஏற்றவாறு அமைந்துள்ளன.

யாக்கின் மயிர்ப்போர்வை அடுக்கடுக்கானது. வெளியே உள்ள நீண்ட முரட்டு மயிர் பனியையும் ஈரத்தையும் தடுக்கிறது. அதனடியில் குளிர்காலத்தில் மெல்லிய பஞ்சு போன்ற மயிர் அடர்ந்து வளர்கிறது. அதனுள் சிறைப்படும் காற்று, உடலின் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. கோடை தொடங்கியதும் இப்பஞ்சுமயிர் தானாகவே உதிர்ந்துவிடுகிறது. பனியின்மேல் படுக்கும்போது வயிற்றோரம் தொங்கும் மயிரே விலங்குக்குப் பாயாக அமைகிறது. கால்களும் கழுத்தும் குட்டையானவை; காதுகளும் மடியும் சிறியவை. வெளியே நீண்டிருக்கும் உறுப்புகளின் பரப்பு குறையும்போது, அவற்றின் வழியே இழக்கும் வெப்பமும் குறைகிறது. சுழியத்துக்குக் கீழ் 40 பாகைக் குளிரையும் தாங்குவதற்கு இவ்வமைப்புகளே துணைசெய்கின்றன.

காற்றின் அடர்த்திக் குறைவை வெல்வதற்கும் அதன் உடலில் வழி இருக்கிறது. நாட்டு மாட்டுக்கு 13 இணை விலா எலும்புகள். யாக்குக்கு 14 இணை. அகன்ற அந்த மார்புக்கூட்டினுள் பெரிய நுரையீரலும் பெரிய இதயமும் அமைந்துள்ளன. இதனினும் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. தாழ்நிலத்து மாட்டை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுவந்தால், உயிர்வளிக் குறைவினால் அதன் நுரையீரலுக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் சுருங்கிவிடும். சுருங்கிய குழாய்களின் வழியே குருதியைச் செலுத்த இதயத்தின் வலப்பகுதி அளவுக்கு மீறி உழைக்கும். நாளடைவில் இதயம் தளர்ந்து, மார்பின் அடிப்பகுதியில் நீர்கோத்து மாடு இறந்துவிடவும் கூடும். யாக்கின் நுரையீரல் குழாய்களோ மெல்லிய சுவர் கொண்டவை. உயிர்வளி குறைந்தாலும் அவை அவ்வாறு சுருங்குவதில்லை. எனவே அதன் இதயம் தளர்வின்றி இயங்குகிறது.

ஆனால், குளிருக்கென்று அமைந்த உடலுக்கு வெப்பமே பகையாகிறது. வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் யாக்குக்கு மிகக் குறைவு. நமக்கு இதமாகத் தோன்றும் 20 பாகை வெப்பநிலையிலேயே அது இளைக்கத் தொடங்குகிறது. மேய்ச்சலை நிறுத்திவிட்டு நிழலையும் நீரையும் நாடுகிறது. கீழே இறக்கி வளர்க்க இயலாத விலங்கு இது.

குளிர்காலத்தில் புல் பனிக்குள் மறைந்துவிடும். அப்போது யாக் தன் குளம்பாலும் முகத்தாலும் பனியை விலக்கி, அடியில் காய்ந்து கிடக்கும் புல்லைத் தேடி உண்ணும். அது போதாமையால், கோடையில் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பையே எரித்து உயிர் வாழும். இளவேனில் வருவதற்குள் தன் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். கன்று ஈனும் காலம் புதுப்புல் தளிர்க்கும் காலத்தோடு பொருந்தி வருவது அதனால்தான். தாய்க்குப் பால் சுரக்க வேண்டுமானால் பசும்புல் வேண்டும்.

பெயர்கள் தரும் செய்தி

நாம் பொதுப்பெயராக வழங்கும் 'யாக்' என்னும் சொல், திபெத்திய மொழியில் ஆண் விலங்கை மட்டுமே குறிக்கும். பெண் விலங்கைத் திபெத்தில் 'திரி' என்றும் லடாக்கில் 'திமோ' என்றும் அழைக்கின்றனர். யாக்கையும் நாட்டு மாட்டையும் கலந்து பிறக்கும் ஆணுக்குச் 'சோ' என்றும் பெண்ணுக்குச் 'சோமோ' என்றும் பெயர்கள் உண்டு. சோ வலிமை மிக்கது. சற்றுத் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் ஏர் உழவும் சுமை தூக்கவும் பயன்படுவது. ஆயினும் இனப்பெருக்கம் செய்ய இயலாதது. சோமோ, யாக்கைவிட மிகுதியாகப் பால் தரும், கன்றும் ஈனும். ஒரு விலங்கின் பால், வயது, கலப்பு ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் இருக்குமாயின், அவ்விலங்கு அம்மக்களின் வாழ்வில் பெற்றுள்ள இடத்தை அச்சொற்களே உணர்த்திவிடும்.

அறிவியல் பெயர்களிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. யாக் மற்ற மாடுகளைப் போல் 'அம்மா' என்று கத்துவதில்லை, தொண்டைக்குள் உறுமுகிறது. ஆகவே, விலங்குகளுக்கு அறிவியல் முறையில் பெயரிட்ட லின்னேயசு, வீட்டு யாக்குக்கு 'உறுமும் மாடு' என்னும் பொருளில் 'பாஸ் கிரன்னியன்ஸ்' எனப் பெயரிட்டார். காட்டு யாக் பெரும்பாலும் ஒலி எழுப்பாதது. 1883இல் ருசிய ஆய்வுப்பயணி பிரெசவால்ஸ்கி அதற்கு 'ஊமை மாடு' என்னும் பொருளில் 'பாஸ் மியூட்டஸ்' எனப் பெயர் சூட்டினார். காட்டு யாக்கின் ஏறு 1,000 கிலோகிராம் எடை வரை வளரும். வீட்டு யாக் அதில் பாதியளவே இருக்கும். இந்தியாவில் காட்டு யாக்குகள் லடாக்கின் சாங்செம்மோ பள்ளத்தாக்கில் மிகச் சிறிய எண்ணிக்கையில் காணப்படுகின்றன. அவை அழியும் வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளன.

தெரிந்து தெளிவோம்

யாக்கின் மரபணுத் தொகுப்பு 2012இல் வெளியிடப்பட்டது. மாட்டினத்திலிருந்து யாக்கினம் ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததாக அவ்வாய்வு கணித்தது. உயிர்வளிக் குறைவைத் தாங்குவதற்கும் உணவைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கும் தொடர்பான மரபணுக்களில் யாக் தனித்த மாற்றங்களைப் பெற்றிருப்பதும் அதனால் தெரியவந்தது.

பாலும் வெண்ணெயும் சாணமும்

பண்ணையின் நாள், கதிரவன் தோன்றுமுன்னரே தொடங்கிவிடுகிறது. பெண்கள் கறவைக்கலத்துடன் கன்றுகள் கட்டப்பட்ட கயிற்றருகே செல்கின்றனர். முதலில் ஒரு கன்றை அவிழ்த்து விடுகின்றனர். அது முட்டி முட்டிக் குடித்ததும் தாய்க்குப் பால் சுரக்கிறது. உடனே கன்றை விலக்கிக் கறக்கின்றனர். ஒரு திமோ நாளொன்றுக்குத் தரும் பால் ஏறத்தாழ ஒரு லிட்டர் முதல் இரண்டு லிட்டர் வரையே. அளவில் குறைந்தாலும் அது கெட்டியான பால், கொழுப்புச்சத்து மிக்கது. கன்றுக்குப் போதுமானதை விட்டுவிட்டு எஞ்சியதைக் கறப்பதே முறை. கன்று இளைத்துப்போனால் அது குளிர்காலத்தைத் தாண்டாது என்பதைக் கறப்பவர் நன்கறிவர்.

பாலைத் தயிராக்கிக் கடைந்து வெண்ணெய் எடுக்கின்றனர். எஞ்சிய மோரைக் காய்ச்சித் திரித்து, பிழிந்து, வெயிலில் உலர்த்துகின்றனர். கல்போல் கெட்டியாகும் இவ்வுலர்ந்த பாற்கட்டியே 'சுர்பி'. அது கெடாமல் நெடுநாள் இருக்கும். கோடையின் பால்வளத்தைக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கும் வழி இது. வெண்ணெய், தேயிலைச் சாறு, உப்பு ஆகியவற்றை நீண்ட மரக்குழலில் இட்டுக் கடைந்து தேநீர் ஆக்குகின்றனர். கடையும்போது எழும் ஒலியைக் கொண்டு 'குர்குர்த் தேநீர்' என்று அதற்குப் பெயர். வறுத்த பார்லிமாவை இத்தேநீரில் பிசைந்து உண்கின்றனர். இனிப்புத் தேநீருக்குப் பழகிய நாவுக்கு முதல் மிடறு வியப்பைத் தரலாம். ஆயினும், உறைகுளிரில் உடலுக்குத் தேவையான கொழுப்பையும் உப்பையும் வெப்பத்தையும் ஒருங்கே தரும் உணவு அதைவிட வேறில்லை.

மரமில்லா நாட்டில் அடுப்பெரிப்பது எவ்வாறு? யாக்கின் சாணமே விறகு. உலர்ந்த காற்றும் கடுவெயிலும் சாணத்தை விரைவில் காயவைத்துவிடுகின்றன. மேய்ச்சலுக்குச் சென்றவர் மாலையில் திரும்பும்போது முதுகுக்கூடையில் வறட்டியைச் சுமந்து வருவார். கூடாரத்தருகே வறட்டி எவ்வளவு உயரம் அடுக்கப்பட்டுள்ளது என்பதைக் கொண்டே அக்குடும்பம் குளிர்காலத்துக்கு ஆயத்தமாகிவிட்டதா என்பதைச் சொல்லிவிடலாம். இடம்பெயரும்போது கூடாரத்தையும் பாத்திரங்களையும் தானிய மூட்டைகளையும் சுமப்பதும் யாக்கே. வழுக்கும் பனியிலும் சரளைச் சரிவிலும் அதன் பிளவுபட்ட குளம்புகள் தடுமாறுவதில்லை.

கருங்கூடாரம்

கோடைத் தொடக்கத்தில் யாக்கின் மயிரைக் கத்தரித்து எடுக்கின்றனர். நீண்ட முரட்டு மயிரைத் திரித்து நூலாக்கி, பட்டை பட்டையாக நெய்து, அப்பட்டைகளை ஒன்றோடொன்று தைத்தால் 'ரெபோ' எனப்படும் கருங்கூடாரம் உருவாகும். கயிறு, சாக்கு, போர்வை ஆகியனவும் இம்மயிரால் ஆனவையே.

உள்ளே நுழைந்தால் நடுவில் அடுப்பு. அதற்கு நேர்மேலே புகை வெளியேறக் கூரையில் ஒரு நீண்ட திறப்பு. நெய்த துணியின் இழைகளுக்கிடையே நுண்ணிய ஒளிப்புள்ளிகள் தெரிகின்றன. மழை பெய்தால் ஒழுகுமே என்று தோன்றும். ஆனால், ஈரம் பட்டதும் மயிரிழைகள் உப்பி இடைவெளிகளை அடைத்துவிடுகின்றன. வெயில் காய்ந்ததும் மீண்டும் காற்றோட்டம் கிடைக்கிறது. ஓர் ஓரத்தில் தானிய மூட்டைகள்; எதிர்ப்புறத்தில் வழிபாட்டுப் பீடமும் வெண்ணெய் விளக்கும். ஒரு குடும்பத்தின் உணவு, உடை, உறையுள், எரிபொருள், ஊர்தி, வழிபாடு ஆகிய அனைத்திலும் யாக் கலந்திருப்பதை அக்கூடாரத்தில் அமர்ந்தபடியே எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ் அறிந்த கவரி

இவ்வளவு தொலைவில் வாழும் விலங்கைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. வடதிசை இமயத்தில் மணமுள்ள நரந்தம்புல்லை மேயும் கவரியைப் புறநானூறும் பதிற்றுப்பத்தும் குறிப்பிடுகின்றன. மானம் இழக்க நேர்ந்தால் உயிரையே விடும் சான்றோருக்குக் கவரிமாவை உவமையாகத் திருவள்ளுவர் 'மானம்' அதிகாரத்தில் எடுத்தாண்டுள்ளார். 'மா' என்பது விலங்கைக் குறிக்கும் பொதுச்சொல். காலப்போக்கில் கவரிமா 'கவரிமான்' எனத் திரிந்து, மக்கள் மனத்தில் மானாகவே நிலைத்துவிட்டது. கோயில்களில் இறைவனுக்கும் பண்டு அரசர்க்கும் வீசப்பட்ட வெண்சாமரம், இவ்விலங்கின் வால்மயிரால் ஆனதே. வடபுலத்திலிருந்து வணிகர் கைமாறிக் கைமாறி வந்த அம்மயிரே, கவரியைக் கண்ணால் காணாத நாட்டிலும் அதன் பெயரை நிலைநிறுத்தியிருக்கும்.

மயிர் நீங்கினால் கவரி உண்மையிலேயே இறந்துவிடுமா என்னும் ஐயம் எழலாம். கோடையில் மயிர் கத்தரிக்கப்பட்ட யாக்குகள் நலமாகவே மேய்கின்றன. ஆனால், குளிர்காலத்தில் அம்மயிர்ப்போர்வை இல்லையெனில் அவற்றால் உயிர் தாங்க இயலாது. உவமையை அறிவியல் உண்மையாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும், மயிரே உயிர்காக்கும் விலங்கு ஒன்று உண்டு என்னும் அளவில் அவ்வுவமை வேரூன்றியே நிற்கிறது.

குறைந்துவரும் மந்தை

2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் யாக்குகள் ஏறத்தாழ 77,000. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவை ஏறத்தாழ 58,000 ஆகக் குறைந்துவிட்டன. ஏழே ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. இதற்குக் காரணம் ஒன்றன்று.

முதலாவது, எல்லை. முன்பு சாங்பா மேய்ப்பர்கள் குளிர்காலத்தில் பயன்படுத்திய புல்வெளிகள் சில, 1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அவர்கள் செல்ல இயலாத இடங்களாயின. திபெத்திலிருந்து பொலிகாளைகளைப் பெறும் வழக்கமும் நின்றுபோயிற்று. மந்தைக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் நிகழும்போது, கன்றுகள் எடை குறைந்தும் நோய் தாங்கும் ஆற்றல் குன்றியும் பிறக்கின்றன. லடாக், சிக்கிம், அருணாசலப் பிரதேசம் ஆகிய மூன்று பகுதிகளிலும் இச்சிக்கல் உள்ளது.

இரண்டாவது, மாறிவரும் காலநிலை. குளிர்காலப் பனி உருகியே கோடைப் புல்லுக்கு நீராகிறது. பனி குறைந்த ஆண்டில் புல்லும் குறைகிறது. பருவம் தவறிப் பெரும்பனி கொட்டினாலோ புல் முழுவதும் புதைந்துவிடுகிறது. 2019இல் வட சிக்கிமின் முகுதாங், யும்தாங் பகுதிகளில் 300க்கும் மேற்பட்ட யாக்குகள் பனியில் சிக்கி, தீவனமின்றிப் பட்டினியால் இறந்தன. வெப்பநிலை உயர உயர, குளிர்ந்த இடத்தை நாடி யாக்குகள் மேலும் மேலே ஏறுகின்றன. மலைக்கு உச்சி ஒன்று உண்டு. அதற்கு மேல் ஏற இடமில்லை.

மூன்றாவது, மேய்ப்பவரின்மை. இதுவே எல்லாவற்றினும் பெரியது. சாங்பா பிள்ளைகள் கல்வி பெற வேண்டுமானால் விடுதிப்பள்ளிக்குச் செல்ல வேண்டும். பத்தாண்டு விடுதியில் வாழ்ந்தவர், பெற்றோரின் கூடாரத்துக்குத் திரும்பும்போது மந்தையின் மொழி அவருக்கு அயலாகிவிடுகிறது. மருத்துவமனை, பள்ளி, உறுதியான வருவாய் ஆகியவற்றை நாடிக் குடும்பங்கள் லே நகருக்குப் பெயர்கின்றன. கர்நக் பகுதியிலிருந்து பெயர்ந்தவர்கள் லே அருகே தனிக் குடியிருப்பே அமைத்துள்ளனர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. சுழியத்துக்குக் கீழ் 30 பாகைக் குளிரில் நள்ளிரவில் ஓநாயைத் துரத்தச் செல்லும் வாழ்வை, அவ்வாறு வாழாத நாம் 'அழகிய மரபு' என்று போற்றிவிட்டு அகன்றுவிடுவது எளிது. அவ்வாழ்வைத் தொடரவேண்டுமானால், அதில் கல்வியும் மருத்துவமும் மதிப்பான வருவாயும் இருக்கவேண்டும் என்று அவர்கள் கேட்பது நேர்மையான கேள்வி.

ஆய்வுப்பண்ணையின் முயற்சிகள்

இக்கேள்விக்கு விடைகாணும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அருணாசலப் பிரதேசத்தின் மேற்குக் காமெங் மாவட்டத்தில் உள்ள திராங்கில், 1989இல் தேசிய யாக் ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் இம்மையத்தின் பண்ணை, மலைப்பகுதியான நியுக்மாடுங்கில் உள்ளது. உறைவிந்து மூலம் செயற்கைமுறைக் கருவூட்டல் செய்து, தொலைவிலுள்ள மந்தைகளுக்கும் புதிய மரபுவளத்தைச் சேர்க்க முடிகிறது. குளிர்காலப் பற்றாக்குறைக்கு ஈடாக, எளிதில் சுமந்து செல்லக்கூடிய செறிவூட்டிய தீவனக்கட்டிகள் உருவாக்கப்பட்டுள்ளன.

யாக்கின் பொருள்களுக்குச் சந்தை மதிப்பைக் கூட்டும் முயற்சிகளும் பயன்தரத் தொடங்கியுள்ளன. 2022இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் யாக்கை உணவு தரும் விலங்காக ஏற்றது. 2023இல் 'அருணாசலப் பிரதேச யாக் சுர்பி' புவிசார் குறியீடு பெற்றது. கூடாரத்து வாயிலில் வெயிலில் உலர்ந்துகொண்டிருக்கும் பாற்கட்டிக்கு ஊர்ப்பெயரோடு கூடிய மதிப்பு கிடைத்திருப்பது சிறிய செய்தியன்று. அதனைத் தன் தாயிடமிருந்து கற்றுக்கொள்வதில் பயனுண்டு என்று ஒரு மகள் எண்ணுவதற்கு அது காரணமாகலாம்.

முடிவாக

மாலை மங்குகிறது. மலைச்சரிவிலிருந்து திமோக்கள் ஒவ்வொன்றாக இறங்கி வருகின்றன. கயிற்றில் கட்டிய கன்றுகள் உறுமி அழைக்கின்றன. கருங்கூடாரத்தின் திறப்பு வழியே வறட்டிப்புகை எழுகிறது. நூற்றாண்டுகளாக நிகழ்ந்துவரும் இக்காட்சி நாளையும் நிகழுமா என்பது மந்தையை மட்டும் பொறுத்ததன்று.

யாக் அழிந்தால் ஒரு விலங்கு மட்டும் அழிவதில்லை. எந்தப் பள்ளத்தாக்கில் எந்த மாதம் புல் தளிர்க்கும், எந்த மேகம் பனியைக் கொண்டுவரும், எந்த ஓடை குளிர்காலத்திலும் உறையாது என்னும் அறிவும் உடன் அழியும். அவ்வறிவு எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. மேய்ப்பவரின் நினைவில் உள்ளது. கவரியின் பெயரைத் தன் இலக்கியத்தில் காத்துவைத்த மொழி நம்முடையது. அக்கவரியையும் அதனைக் காப்பவரையும் அறிந்துகொள்ளுதல் நமக்கும் உரிய கடமையாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் கால்நடை வளர்ப்போர் ஒருவரைச் சந்தித்து, கால்நடைகளின் வயது, நிறம், கொம்பு ஆகியவற்றைக் குறிக்க அவர் வழங்கும் சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் படிக்க.

2. யாக்கின் உடலமைப்பு உயர்மலைச் சூழலுக்கு எவ்வாறு பொருந்தியுள்ளது என்பதை அட்டவணைப்படுத்துக.

3. 'மேய்ச்சல் வாழ்வைத் தொடர்வதா, நகருக்குப் பெயர்வதா?' – சாங்பா இளைஞர் ஒருவரும் அவருடைய தாயும் பேசிக்கொள்வதாக உரையாடல் ஒன்றை எழுதுக.

4. சங்க இலக்கியங்களில் இடம்பெறும், தமிழகத்தில் வாழாத விலங்குகள், பறவைகள் குறித்த செய்திகளைத் திரட்டிச் சுவரொட்டி உருவாக்குக.